அரை விநாடியில் தொலைந்த ‘மாட்டேன்’

நிறுத்தி வைத்த திரையில் இரண்டு காட்சிகள் ஒன்றாகத் தெரிந்தன. ஒற்றைப்படை வரிகளில் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணின் முகம் இருந்தது. இரட்டைப்படை வரிகளில் சலவைத்தூள் பொட்டலம் ஒன்று இருந்தது. இரண்டு சீப்புகளின் பற்களை எதிரெதிரே கோத்து வைத்தாற்போல, முகத்துக்குள் பொட்டலமும் பொட்டலத்துக்குள் முகமும் நுழைந்திருந்தன. நாடகம் நின்று விளம்பரம் தொடங்கிய இடம் அதுதான். எங்கள் தொலைக்காட்சி ஒளிபரப்பு அப்போது பயன்படுத்திய பி.ஏ.எல். முறையில் ஒரு விநாடிக்கு 25 சட்டகங்கள், அதாவது 25 முழுப் படங்கள். ஒவ்வொரு சட்டகமும் இரண்டு அரைப்படங்களால் ஆனது. ஓர் அரைப்படம் ஒற்றைப்படை வரிகளையும் மற்றது இரட்டைப்படை வரிகளையும் சுமந்து வரும். ஒளிபரப்பு நிலையத்தின் மாற்றம் அந்த இரண்டுக்கும் நடுவே விழுந்துவிட்டால், இப்படி ஒரு கலப்புச் சட்டகம் பதிவில் தங்கிவிடும். அதற்கு முந்தைய சட்டகத்தில் நாடகம். பிந்தைய சட்டகத்தில் விளம்பரம். ரிமோட்டின் பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்தி அந்த ஒரு சட்டகத்தைத் தேடிப் பிடிக்கும்போது எனக்குக் கிடைத்த நிறைவு பெரியது. பதிவு செய்த நாடகங்களிலிருந்து விளம்பரங்களை நீக்கும்போது, நெடுநாள் அந்த நிறைவே என்னைத் தவறான இடத்தில் வெட்ட வைத்தது. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

எங்கள் ஊர் மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட். சுற்றிலும் முன்பு பால்மரம் என்னும் ரப்பர், இப்போது பெரும்பாலும் எண்ணெய் தரும் செம்பனை. அம்மா நாற்பது ஆண்டுகளுக்குக் குறையாமல் தோட்டத்தில் வேலை செய்தவர். முதலில் மரம் சீவினார், பிறகு செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கினார். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போய் நின்ற உடம்பு அது. ஓய்வு பெற்று, லயத்து வீட்டைக் காலி செய்து, பட்டணத்துத் தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், உள்ள வீட்டுக்கு என்னோடு வந்த பிறகும் விடியற்காலை நான்கு மணிக்கு எழுவதையும் இரவு எட்டரைக்குப் படுப்பதையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் விரும்பிய தமிழ் நாடகங்களும் படங்களும் பெரும்பாலும் அவர் தூங்கிய பிறகுதான் வந்தன. எனவே 2007இல் ஈப்போவில் ஒரு பதிவுக் கருவி வாங்கினேன். 160 கிகாபைட் வன்தட்டும் டிவிடி எழுதும் வசதியும் ஒரே பெட்டியில் இருந்தன. நடுத்தரத் தரத்தில் பதிவு செய்தால் அந்த வன்தட்டில் சுமார் 70 மணி நேரம் கொள்ளும். அதற்கு முன்பு எங்களிடம் இருந்தது மூன்று மணி நேர வீடியோ நாடாக்கள்தாம். அவற்றில் பதிவு செய்ய முடியும், வெட்ட முடியாது.

அம்மாவுக்கு ரிமோட் பிடிக்காது. விளம்பரம் வந்தால் வேகமாக ஓட்டத் தெரியாது. ஓட்டினால் எங்கே நிறுத்துவது என்று பதற்றம் வந்துவிடும். ஆகவே விளம்பரங்களை நானே வெட்டி எடுத்து, நாடகத்தை மட்டும் ஒரு தட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவேன். காலை பதினொரு மணிக்குச் சமையல் ஓய்ந்ததும் அவர் அதைப் போட்டுப் பார்ப்பார். தட்டைப் போடுவது, ஒரே ஒரு பொத்தானை அழுத்துவது; அவ்வளவுதான் அவருடைய வேலை.

ஒருநாள் மாலை நான் வீடு திரும்பியதும் அம்மா வாசலிலேயே கேட்டார்: “ஏன் தம்பி, அந்தப் பையன் வீட்டுக்கு வரேன்னு சொன்னானா, வரமாட்டேன்னு சொன்னானா?”

எந்தப் பையன் என்று புரிந்துகொள்ள எனக்குச் சிறிது நேரம் ஆயிற்று. தட்டைப் போட்டுப் பார்த்தேன். தந்தையோடு சண்டையிட்ட மகன் வாசற்படியில் நின்று, “இனிமே இந்த வீட்டுக்கு நான் வர…” என்கிறான். அடுத்த கணம் மறுநாள் காலை, சேவல் கூவுகிறது. நடுவே இருந்த விளம்பரங்கள் அனைத்தும் போயிருந்தன. அவற்றோடு ‘மாட்டேன்’ என்ற சொல்லும் போயிருந்தது. அம்மா மூன்று நாட்களாக அந்தப் பையன் மனம் மாறி வரப்போகிறான் என்று நம்பிக்கொண்டிருந்தார். அடுத்த பகுதியில் அவன் வராததும், வீட்டில் ஒருவரும் அவனை எதிர்பார்க்காததும் அவருக்கு விளங்கவில்லை.

திரையின் கீழே மலாய் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன. அரசுத் தொலைக்காட்சியான டிவி 2இல் தமிழ் நிகழ்ச்சிகளுக்கு மலாய் மொழியில் சாரிகாத்தா போடுவது வழக்கம். நான் நிறுத்திப் பார்த்த அந்தக் கடைசிச் சட்டகத்தில் ‘சாயா தீடாக் அக்கான் டாத்தாங்’ என்று முழு வாக்கியமும் இருந்தது. மலாயில் ‘தீடாக்’ என்ற மறுப்பு முன்னாலேயே வந்துவிடுகிறது. வருதல் என்ற வினை அதற்குப் பின்னால் வருகிறது. வாக்கியத்தின் வாலை வெட்டினாலும் மறுப்பு தப்பிப் பிழைக்கும். தமிழில் மறுப்பு வாலில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு ரூமி எழுத்து, அதாவது மலாய் எழுதப்படும் ரோமன் எழுத்து, வாசிக்கத் தெரியாது. அவருக்குக் கிடைத்ததெல்லாம் ‘வர’ மட்டுமே.

அன்றிரவு நான் அந்தப் பதிவின் மூலத்தை மீண்டும் எடுத்து வைத்து எண்ணினேன். நடிகர் ‘மாட்டேன்’ என்று சொல்லி முடிக்க 12 சட்டகங்கள் ஆயின. அதாவது அரை விநாடிக்கும் சற்றுக் குறைவு. இந்த அரை விநாடி எங்கே போயிற்று என்பதைப் புரிந்துகொள்ள, பெட்டிக்குள் படம் எப்படி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் படிக்க வேண்டியிருந்தது.

பதிவுக் கருவி எல்லாச் சட்டகங்களையும் முழுமையாகச் சேமிப்பதில்லை. எம்பெக் 2 என்ற சுருக்கமுறையில், பத்துப் பன்னிரண்டு சட்டகங்கள் கொண்ட ஒரு தொகுதிக்கு ஒரே ஒரு முழுச் சட்டகம்தான் இருக்கும். அதை ஐ-சட்டகம் என்பார்கள். பின்தொடர்வனவற்றில் சில, தமக்கு முன்னால் உள்ள சட்டகத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் குறித்து வைக்கும். மற்றவை முன்னும் பின்னும் உள்ள இரண்டு சட்டகங்களையும் பார்த்து, இடைப்பட்ட மாற்றத்தை மட்டும் குறித்து வைக்கும். ஆகவே ஒரு தொகுதியின் நடுவில் கத்தியை வைத்தால், மிஞ்சும் பாதியில் சார்ந்து நிற்க ஆளில்லாத சட்டகங்கள் இருக்கும். கட்டங்கட்டமாக உடைந்த படம் வரும். டிவிடி விதிகளின்படி, நம் 25 சட்டக முறையில் ஒரு தொகுதியில் 15 சட்டகங்களுக்கு மேல் இருக்கக் கூடாது. 15 சட்டகம் என்றால் 0.6 விநாடி, 12 என்றால் 0.48 விநாடி.

வன்தட்டில் வெட்டும்போது எந்தச் சட்டகத்தில் வேண்டுமானாலும் குறி வைக்க என் பெட்டி அனுமதித்தது. அங்கேயே ஓட்டிப் பார்த்தால் வெட்டு துல்லியமாகவே தெரிந்தது. ஆனால் அதைத் தட்டுக்கு வேகமாகப் படியெடுக்கும்போது, படத்தை மீண்டும் சுருக்காமல் அப்படியே தூக்கி எழுதுவதால், குறியை அருகிலுள்ள தொகுதி எல்லைக்கு நகர்த்திவிடும். விளம்பரத்தின் தொடக்கத்தில் நான் வைத்த குறி சற்று முந்தைய இடத்துக்கு நகர்ந்து, நாடகத்தின் கடைசித் தொகுதி முழுவதையும் விழுங்கிவிட்டது. வீட்டில் நான் சரிபார்த்தது வன்தட்டில். அம்மா பார்த்தது தட்டில். இருவரும் வேறு வேறு நாடகத்தைப் பார்த்திருக்கிறோம்.

இதற்கு ஒரு நேரடித் தீர்வு உண்டு. வேகப் படியெடுப்பை விட்டுவிட்டு, நிகழ்நேரத்தில் படியெடுத்தால் பெட்டி படத்தை விரித்து மறுபடியும் சுருக்கும். வெட்டு சட்டகத்துக்குச் சட்டகம் சரியாக விழும். இரண்டு மணி நேரப் படத்துக்கு இரண்டு மணி நேரம் ஆகும் என்பதோடு, தரமும் ஒரு படி இறங்கும். கிளேடாங் மலைக் கோபுரத்திலிருந்து வந்து, இங்குள்ள சுண்ணாம்புக் குன்றுகளில் மோதித் தெறித்து, ஒவ்வொரு முகத்துக்கும் வலப்பக்கத்தில் ஒரு நிழலோடு எங்கள் ஆண்டெனாவை வந்தடைந்த படம் அது. அந்த நிழலையும் புள்ளிகளையும் மறுபடி சுருக்கினால் நிழலின் விளிம்புகள் கொசு மொய்ப்பது போல நடுங்கும். ஒரு சில நாடகங்களுக்கு அப்படிச் செய்தேன், மனம் ஒப்பவில்லை.

மாறாக, வெட்டும் இடத்தையே நகர்த்தினேன். படம் மாறும் சட்டகத்தைத் தேடுவதை விட்டு, பேச்சு முடியும் இடத்தைத் தேடத் தொடங்கினேன். கடைசி எழுத்தின் ஒலி அடங்கிய பிறகு குறைந்தது 20 சட்டகங்களை விட்டு, அதற்குப் பிறகு வரும் தொகுதி எல்லையில் குறி வைத்தேன். இதனால் சில சமயம் சலவைத்தூள் பொட்டலம் ஒரு நொடி மின்னிவிட்டுப் போகும். போகட்டும். விளம்பரத்தின் ஒரு நொடி உள்ளே வந்தால் யாருக்கும் ஒன்றும் தொலைவதில்லை. வாக்கியத்தின் ஒரு நொடி வெளியே போனால் கதை தலைகீழாகிவிடுகிறது.

பழைய தட்டுகளையெல்லாம் எடுத்து மறுபடியும் கேட்டேன். பார்க்கவில்லை, திரையை அணைத்துவிட்டு வெட்டு விழுந்த இடங்களை மட்டும் கேட்டேன். தமிழில் எவ்வளவு பொருள் வாக்கியத்தின் கடைசி இரண்டு மூன்று எழுத்துகளில் குவிந்திருக்கிறது என்பது, பேசும்போது ஒருநாளும் தோன்றாத எனக்கு அன்று காதில் அறைந்தது. வந்தானா, வந்தாளா, வந்தாரா என்பது கடைசி எழுத்துகளில் இருக்கிறது. பேச்சுத் தமிழில் ‘வரல’ என்னும்போது மறுப்பு முழுவதும் அந்த ஒரே ‘ல’வில் அடங்கிவிடுகிறது, அதன் நீளம் நான்கைந்து சட்டகம். கேள்வியா கூற்றா என்பதை ஓர் ‘ஆ’ முடிவு செய்கிறது. செய்திகளில் நிலைமை இன்னும் மோசம். எண்ணெய் விலை உயரும், பள்ளி மூடப்படும், சாலை திறக்கப்படும் என்று நீண்டு செல்லும் வாக்கியத்தின் இறுதியில் ‘என்பதை அமைச்சு மறுத்துள்ளது’ என்று வரும். அந்த ‘மறுத்துள்ளது’ போய்விட்டால் மறுக்கப்பட்ட செய்தி உறுதி செய்யப்பட்ட செய்தியாகிவிடும். அப்படி ஒரு தட்டு என்னிடமே இருந்தது. அதிர்ஷ்டவசமாக அதை யாருக்கும் கொடுத்திருக்கவில்லை.

தொடக்கத்தில் இந்த அச்சம் அவ்வளவு தேவையில்லை. நம் உரையாடல் பெரும்பாலும் ‘என்னங்க’, ‘இந்தா பாரு’, ‘அம்மா’ என்று ஒரு விளியோடு தொடங்குகிறது. அதில் கால் விநாடி குறைந்தாலும் பின்னால் வருவது கெடுவதில்லை. எனவே விளம்பரம் முடிந்து நாடகம் திரும்பும் இடத்தில் இறுக்கமாகவும், நாடகம் நின்று விளம்பரம் தொடங்கும் இடத்தில் தளர்வாகவும் வெட்டுவது என் பழக்கமாயிற்று. கருவியோடு வந்த கையேடு இரண்டு குறிகளையும் ஒன்றுபோலவே விளக்குகிறது. அதை எழுதியவர்கள் எந்த மொழிக்காகவும் எழுதவில்லை. பொதுவான ஒரு படத்துக்காக எழுதியிருக்கிறார்கள்.

ஒலியிலும் ஒரு சிக்கல் உண்டு. டிவிடியின் டால்பி ஒலி 32 மில்லிவிநாடித் துண்டுகளாக அடுக்கப்படுகிறது. படமோ 40 மில்லிவிநாடிக்கு ஒரு சட்டகம். நான்கு சட்டகங்களுக்கும் ஐந்து ஒலித் துண்டுகளுக்கும் ஒருமுறைதான், அதாவது 160 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான், இரண்டின் விளிம்புகளும் நேராக வரும். மற்ற எந்த இடத்தில் வெட்டினாலும் ஒலியின் ஒரு சிறு நுனி நீட்டிக்கொண்டோ குறைந்தோ நிற்கும். ஒரு வெட்டில் அது தெரியாது. ஆனால் பல வெட்டுகள் சேர்ந்து, கருவி அதைச் சரியாக ஈடுகட்டாவிட்டால், படத்தின் முடிவில் உதடு ஒன்று சொல்ல, குரல் சற்றுப் பிந்தி வரும். நாதஸ்வரம் போன்ற நீண்ட ஒலியின் நடுவே வெட்டினால் ‘டிக்’ என்று ஒரு சத்தமும் கேட்கும். ஆகவே இசை நிகழ்ச்சிகளை நான் பாடல் முடிந்து கைதட்டல் தணியும் வரை தொடுவதே இல்லை.

விளம்பரம் தொடங்கும் இடத்தைக் கண்டுபிடிக்க எத்தனையோ அடையாளங்கள் உண்டு. மூலையில் இருக்கும் நிலையச் சின்னம் மறையும். ஓரிரு சட்டகங்கள் கறுப்பாகும். ஒலி ஒரு கணம் அற்றுப்போகும். பிறகு திடீரென உரக்கும். கணினியில் தானாக விளம்பரம் கண்டறியும் நிரல்கள் இவற்றைத்தான் பார்க்கின்றன. கறுப்பையும் அமைதியையும் எண்ணி அவை பெரும்பாலும் சரியாகவே சொல்கின்றன. ஆனால் நாடகத்தில் மின்சாரம் போய் வீடு இருண்டு ஒருவரும் பேசாதிருக்கும் காட்சியையும் அவை விளம்பர எல்லை என்றே எடுத்துக்கொள்ளும். அந்த இருட்டு கதைக்கு எவ்வளவு முக்கியம் என்பதை எந்தக் கணக்காலும் அறிய முடியாது. நான் அவற்றைக் குறிப்புக்காகப் பயன்படுத்துகிறேன். வெட்டுவதற்கு ஒருபோதும் விடுவதில்லை.

அம்மாவின் இரண்டாவது குறை இரண்டு மாதங்கள் கழித்து வந்தது. வாக்கியங்கள் எல்லாம் இப்போது முழுதாக இருந்தன. ஆனாலும், “மூச்சு விடக்கூட எடம் இல்லாம ஓடுது தம்பி” என்றார். அழுகை முடிந்ததும் சேவல், அடி விழுந்ததும் கல்யாணம் என்று காட்சிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன என்று அவருக்குத் தோன்றியது. விளம்பர இடைவேளைக்காக எழுதப்பட்ட கதை அது. இடைவேளைக்கு முன் ஓர் அதிர்ச்சி, பின் ஒரு புதிய நாள் என்று கட்டியிருப்பார்கள். இடைவேளையை எடுத்துவிட்டால் அந்தக் கட்டுமானத்தின் சந்து மூடிக்கொள்கிறது. அடுப்பில் குழம்பைக் கிளறவும், நடந்ததை மனத்துக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கவும் அம்மா அந்தச் சந்தைப் பயன்படுத்தியிருக்கிறார்.

அதனால் ‘தொடரும்’ என்று நிலையம் காட்டும் அட்டையை வெட்டாமல் விடத் தொடங்கினேன். முன்பு அதை விளம்பரத்தின் பகுதியாகக் கருதி முதலில் எறிந்தவன் நான். நான்கைந்து விநாடிகள், சிறு இசை. அது போதுமாக இருந்தது. மாலைப் பதிவுகளில் அரசுத் தொலைக்காட்சி மக்ரிப் தொழுகைக்கான பாங்கை ஒலிபரப்பும் நேரம் குறுக்கிட்டால் அதையும் விட்டுவைத்தேன். ஏழரை மணியை ஒட்டி அந்தப் பாங்கு ஒலிக்கும்போதுதான் எங்கள் தெருவில் விளக்குகள் எரியத் தொடங்கும். பதிவில் அதைக் கேட்டால், பகல் பதினொரு மணியிலும் அம்மாவுக்கு அது நேற்று மாலை நடந்த நிகழ்ச்சி என்று தெரியும். அதை வெட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

வெட்டுவதில் இரண்டு வகை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். இதை அறியாமல் பலர் பதிவுகளை இழந்திருக்கிறார்கள். பகுதி அழிப்பு என்பது மூலத்தையே வெட்டுவது. அழித்த பகுதி திரும்பாது, வன்தட்டில் இடமும் கிடைக்கும். பிளேலிஸ்ட் என்பது மூலத்தைத் தொடாமல், இங்கிருந்து இதுவரை, பிறகு அங்கிருந்து அதுவரை என்று ஒரு வழிகாட்டுப் பட்டியலை மட்டும் எழுதி வைப்பது. அது ஏறக்குறைய இடத்தை அடைப்பதே இல்லை. தவறாகக் குறித்தால் பட்டியலைத் திருத்திக்கொள்ளலாம். மூலத்தை அழித்தால் பட்டியலும் செத்துவிடும் என்பது மட்டும்தான் அதன் பலவீனம். ‘மாட்டேன்’ போன அன்று மூலம் இன்னும் இருந்ததற்கு ஒரே காரணம், அந்த வாரம் எனக்கு இடத்தைக் காலி செய்ய நேரமில்லாமல் போனது. அதன் பிறகு பிளேலிஸ்டில்தான் வெட்டுகிறேன். அம்மா பார்த்து முடித்து, போதும் என்று சொல்லும்வரை மூலத்தை அழிப்பதில்லை.

2019ஆம் ஆண்டில் எங்கள் வட்டாரத்தில் அனலாக் ஒளிபரப்பு நின்றது. அந்தப் பெட்டியின் அலைவாங்கி அன்றோடு ஊமையானது. குன்றுகளின் நிழல் படத்திலிருந்து மறைந்தது. அதற்காக நான் வருந்தவில்லை. இலக்கமுறை ஒளிபரப்பை வாங்கும் புதிய டி.வி.பி.-டி2 பெட்டியில் யுஎஸ்பி நினைவகத்தைச் செருகினால், ஒளிபரப்பில் வரும் ஓடையையே அது அப்படியே கோப்பாக எழுதிக் கொடுக்கிறது. மறுசுருக்கம் இல்லை, இழப்பும் இல்லை. ஆனால் பெட்டியிலேயே வெட்டும் வசதி போயிற்று. கணினிக்குக் கொண்டுபோக வேண்டும். நினைவகம் ஃபாட்32 முறையில் இருந்தால் ஒரு கோப்பு 4 கிகாபைட்டைத் தாண்ட முடியாது என்பதால், நீண்ட படங்கள் இரண்டு மூன்று துண்டுகளாக வரும்; அவற்றை முதலில் ஒட்ட வேண்டும். கட்டணத் தொலைக்காட்சிகள் தரும் பதிவுப் பெட்டிகளில் இதற்கும் வழியில்லை. அவற்றின் பதிவுகள் மறையாக்கம் செய்யப்பட்டு அந்தப் பெட்டிக்குள்ளேயே பூட்டியிருக்கும். பெட்டி போனால் பதிவும் போய்விடும். கனமழையில் செயற்கைக்கோள் சைகை அறுந்துபோகும் ஊரில், அறுந்த நிமிடங்களை எடுத்துவிட்டு மீதியை ஒட்டிக்கொள்ளக்கூட அவை இடம் தருவதில்லை.

கணினியில் வெட்டத் தொடங்கிய முதல் ஆண்டிலேயே எனக்கு ஓர் இழப்பு நேர்ந்தது. தீபாவளிக்கு ஒளிபரப்பான ஒரு சிறப்பு நாடகம். தோட்டத்தைக் காலி செய்யும் குடும்பங்களைப் பற்றியது. அம்மா அதற்காக ஒரு வாரமாகக் காத்திருந்தார். ஒளிபரப்பு ஓடையில் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு நேரக் குறி உண்டு. விநாடிக்கு 90,000 முறை துடிக்கும் கடிகாரத்தை வைத்து, 33 இரும இலக்கங்களில் அதை எழுதுகிறார்கள். அந்த இலக்கங்கள் நிரம்ப ஏறத்தாழ 26 மணி 30 நிமிடம் ஆகும். நிரம்பியதும் கடிகாரம் பூச்சியத்துக்குத் திரும்பும். அந்த நாடகத்தின் கடைசி இருபது நிமிடங்களுக்கு முன்பு அது திரும்பியிருக்கிறது. நான் பயன்படுத்திய நிரல் அதைப் புரிந்துகொள்ளாமல், ஒன்றரை மணி நேர நாடகத்தின் நீளத்தை 26 மணி நேரத்துக்கு மேல் என்று காட்டியது. எண் விநோதமாக இருந்ததைக் கண்டும், திரையில் படம் சரியாக ஓடியதால் அதைப் பொருட்படுத்தாமல் குறிகளை வைத்து வெட்டிச் சேமித்தேன். நினைவகத்தில் இடம் வேண்டியிருந்தது; மூலத்தை அழித்தேன். சேமித்த கோப்பில் கடைசி இருபது நிமிடங்கள் இல்லை.

பிளேலிஸ்ட் பெட்டியில் பத்தாண்டுகளுக்கு மேல் காத்த ஒழுங்கை, கருவி மாறியதும் ஒரே இரவில் கைவிட்டிருக்கிறேன். அம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “அவங்க போயிட்டாங்களா, இருந்தாங்களா? அதயாச்சும் சொல்லு” என்றார். பதிவான இரவில் நான் நாடகத்தைப் பார்த்திருக்கவில்லை. என்னால் சொல்ல முடியவில்லை. அக்கம் பக்கத்தில் கேட்டு, பாசாரில் மீன் விற்கும் ஓர் அக்காள் பார்த்திருந்தார் என்று அறிந்து, அவர் சொன்ன முடிவை வந்து அம்மாவிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். ஆனால் கேட்பது பார்ப்பதாகாது.

அதற்குப் பின் மூலக் கோப்பை முதலில் ஒரு தனி வன்தட்டுக்குப் படியெடுத்துவிட்டே வேலையைத் தொடங்குகிறேன். நிரல் காட்டும் மொத்த நீளம், ஒளிபரப்பு நேரத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறேன். பொருந்தாவிட்டால் நேரக் குறிகளைச் சீர்செய்யாமல் வெட்டுவதில்லை. இப்போதைய ஒளிபரப்பு எச்.264 சுருக்கத்தில் வருகிறது. அதில் தொகுதிகள் டிவிடியை விட நீளமாக, ஒரு விநாடியையும் தாண்டி இருக்கலாம். அப்படியானால் எல்லையில் மட்டும் வெட்டும் நிரல், ‘மாட்டேன்’ மட்டுமல்ல, ‘இந்த வீட்டுக்கு நான் வரமாட்டேன்’ முழுவதையுமே விழுங்கிவிடும். இதற்கு நல்ல வழி ஒன்று வந்திருக்கிறது. வெட்டு விழும் அந்த ஒரு தொகுதியை மட்டும் விரித்து மறுபடி சுருக்கிவிட்டு, மற்றவற்றை அப்படியே விட்டுவிடும் நிரல்கள் உள்ளன. சட்டகத் துல்லியமும் கிடைக்கிறது, தரமும் கெடுவதில்லை. 2007இல் இது என் பெட்டியில் இருந்திருந்தால் அம்மா அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். நானும் வாக்கியத்தின் முடிவைக் கேட்கப் பழகியிருக்க மாட்டேன். துல்லியம் கிடைத்த பிறகும் நான் அந்த 20 சட்டகங்களை விட்டுத்தான் வெட்டுகிறேன்.

பழைய தட்டுகள் முந்நூற்றுக்கு மேல் இருக்கின்றன. எழுதக்கூடிய தட்டுகளின் சாயப்படலம் இந்தப் புழுக்கத்தில் நெடுங்காலம் தாங்காது. சில ஏற்கெனவே ஓரங்களில் வாசிக்க மறுக்கின்றன. ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். மாற்றும்போது பழைய வெட்டுகளையும் கேட்கிறேன். மூலம் இல்லாத இடங்களில் ஒன்றும் செய்ய முடியாது. எந்தச் சொல் போயிருக்கும் என்று ஊகிக்க முடிந்த இடங்களில் மட்டும், ஓர் ஏட்டில் நிகழ்ச்சியின் பெயரையும் நேரத்தையும் எழுதி, பக்கத்தில் அந்தச் சொல்லை எழுதி வைக்கிறேன். ‘வரமாட்டேன்.’ ‘இல்லை.’ ‘கேட்டாளா.’ அந்த ஏட்டில் இதுவரை நாற்பத்தோரு சொற்கள் இருக்கின்றன.

அம்மாவுக்கு இப்போது கண் மங்கிவிட்டது. படத்தை விடக் குரலையே பின்தொடர்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வெட்ட உட்காரும்போது, பசியாறிவிட்டு வந்து பக்கத்து நாற்காலியில் அமர்ந்துகொள்வார். ஒலியலை திரையில் மலைத்தொடர் போல ஓடும்; நான் ஒரு பள்ளத்தைக் காட்டி இங்கே என்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சென்ற வாரம் ஒரு பழைய நாடகத்தில், பாட்டி ஒருத்தி பேரனிடம் ஏதோ சொல்லி முடித்து அமைதியானாள். ஒலியலை முற்றிலும் தட்டையாக இருந்தது. நான் குறியை வைக்கப் போனேன்.

“இரு தம்பி. இன்னும் முடிக்கல அவங்க.”

ஓடவிட்டேன். பதினெட்டாவது சட்டகத்தில், அலையில் ஒரு முடியளவுகூட எழும்பாமல், பாட்டி ‘ம்’ என்றாள். அதற்கு அப்பால் இருபது சட்டகம் எண்ணிக் குறியை வைத்தேன்.